பதினெட்டாவது அசை

கியோட்டோ
14 அக்டோபர் 1984

அன்புள்ள அம்ராம் அண்ணாவுக்கு,

சோலிகா எழுதுகிறேன். நான் நலம். நீயும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வழக்கம்போல இதை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டு. உனக்கு மட்டும் என்று இதில் எதுவும் இல்லை.

வகுப்பில் நான் இன்னும் வாய் திறக்கவில்லை. போன வாரம் பேராசிரியர் என் பெயரைச் சொன்னார். எழுந்து நின்றதும் கேள்வி மறந்துவிட்டது. "மன்னிக்கவும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஜப்பானியர்களின் சிறு கவிதையான ஹைக்கூவைப் படிக்க இவ்வளவு தூரம் வந்தவள் பேசுவது அந்த ஒரு சொல்தான். பிப்ரவரியில் மேல்படிப்புக்கான நுழைவுத் தேர்வு. அதில் தேறினால் இன்னும் மூன்று வருடம் உதவித்தொகை கிடைக்கும். தேறாவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

இவர்கள் ஐந்து, ஏழு, ஐந்து என்று பதினேழு அசையில் கவிதையை முடிப்பதும், அம்மா அதில் ஒன்று சேர்ப்பதும் வீட்டுக்கார அம்மாள் ஹதனாக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

"பதினேழுல முடிக்கத் தெரியலன்னா அது உன் சோம்பேறித்தனம்" என்றார்.

"எங்க எபிரேய எழுத்துக்கெல்லாம் எண் உண்டுங்க. 'உயிர்'ங்கற சொல்லைக் கூட்டினா பதினெட்டு வரும். பதினேழோட நிறுத்தினா உயிர் வராதாம். அம்மா சொல்றாங்க."

"உங்கம்மா கவிஞரா?"

"கையெழுத்தே போடத் தெரியாதுங்க."

அவர் சிரிக்கவில்லை. "அப்போ சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா, இந்த வாரம் பதினேழு:

வெறுங்கிளையில்
ஒற்றைப் பழம், காக்கைக்கு
இன்னும் யோசனை

ஒன்றை நீ வை. குளிர் வருமுன் கம்பளிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்.

அன்புடன்,
சோலிகா


திமோனா
30 அக்டோபர் 1984

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் சௌக்கியம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். பச்சை மீனையெல்லாம் தின்னாதே என்று அம்மா முதல் வரியிலேயே எழுதச் சொல்கிறாள்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அம்மா கூஸ்கூஸுக்கு ரவையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். படித்துக் காட்டினேன்.

"காக்கா எதுக்குடா யோசிக்குது?"

"கவிதைம்மா. அப்படித்தான்."

"பழம் இருக்கு, பசி இருக்கு. யோசிக்கறதுக்கு என்ன இருக்கு? இவ படிக்கற எடத்துல காக்காவும் படிக்குதா?" மேசையில் விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். "தின். ஒண்ணுதானே வருது? எழுது."

ஆக, பதினெட்டாவது: தின்.

அன்று மாலை பக்கத்து வீட்டு ஸிமியிடம், "என் மக ஜப்பான்ல பதினேழு எழுதறா, மிச்சத்த நான் முடிக்கறேன்" என்று சொன்னாள். "ஒண்ணு சொல்லிட்டு இவ்வளவு பெருமையா?" என்று ஸிமி கேட்டதற்கு, "உப்பும் ஒரு சிட்டிகைதான்டி" என்றாள்.

நூற்பாலையில் இந்த மாதம் எனக்குக் காலை முறை. தொலைபேசி இணைப்புக்கு எழுதிக் கொடுத்து நான்கு வருடமாகிறது, இன்னும் வரவில்லை. அம்மாவுக்கு வயிறு கொஞ்சம் சரியில்லை. புதினாத் தேநீர் குடித்தால் போய்விடும் என்கிறாள்.

தேர்வுக்குப் படி.

அண்ணன்
அம்ராம்


கியோட்டோ
12 நவம்பர் 1984

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். அம்மாவின் நலத்தைப் பற்றி இந்தத் தடவை சம்பிரதாயத்துக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன். வயிறு பற்றி ஒரே வரி எழுதியிருந்தாய். அதற்கு முன்னால் தொலைபேசி, பின்னால் தேர்வு. நடுவில் ஒளித்துவைத்த மாதிரி இருந்தது. மருத்துவரிடம் போனீர்களா?

"தின்" என்பதை வகுப்பில் வாசித்தேன். வாயைத் திறந்தே வாசித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அது நல்ல சிரிப்பு. பேராசிரியர், "இதை எழுதியது யார்?" என்றார். பதினேழு நான், ஒன்று என் அம்மா என்றேன். "அந்த ஒன்றுதான் கவிதை" என்றார். எனக்கு வருத்தமில்லை என்று அம்மாவிடம் சொல். கொஞ்சம் மட்டும் வருத்தம்.

இந்த வாரம்:

மழை நின்ற பின்
குடையை மூடாமல் யார்
அங்கே நிற்பது?

அம்மா சாப்பிடுகிறாளா என்று தனியாக ஒரு வரி எழுது.

அன்புடன்,
சோலிகா


திமோனா
27 நவம்பர் 1984

அன்புத் தங்கைக்கு,

இங்கு சௌக்கியம். அங்கும் அப்படியே இருக்கட்டும்.

உன் கவிதையை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள்.

"மழை விட்டப்புறமும் குடையப் புடிச்சிட்டு நிக்கறவ யாரு? பஸ்ஸு போன தெசையப் பாத்துட்டு நிக்கறவ. நான்."

"இந்தப் பாலைவனத்துல, திமோனாவுல எங்கம்மா மழை?"

"அவ போனன்னிக்குப் பெஞ்சுதேடா. நீ பெட்டியத் தூக்கிட்டு முன்னால போய்ட்ட. உனக்கு எங்க தெரியும்?"

பதினெட்டாவது: நான்.

அம்மா கொஞ்சம் மெலிந்திருக்கிறாள். பேர்ஷெபா மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். ஏதோ பரிசோதனை எடுத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை. சாப்பிடுகிறாள். நீ கேட்ட தனி வரி அதுதான்.

படி. இந்த வீட்டில் இதுவரை யாரும் எழுதாத தேர்வு.

அண்ணன்
அம்ராம்


கியோட்டோ
8 டிசம்பர் 1984

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீங்கள் நலமா என்று கேட்டால் சௌக்கியம் என்றுதான் எழுதுவாய். அதனால் இந்த முறை வேறு விதமாகக் கேட்கிறேன்.

தேர்வுக்கான விண்ணப்பத்தை ஜனவரி முதல் வாரத்தில் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, ஒன்பதாம் தேதி நேரில் போய் நிற்க வேண்டும். அப்போது நான் இங்கே இல்லையென்றால் இந்த வருடம் இல்லை. மறுவருடம்வரை உதவித்தொகை காத்திருக்காது. ஆனால் ஆண்டிறுதி விடுமுறை இருபத்தெட்டாம் தேதி தொடங்குகிறது. விமானச்சீட்டுக்கு ஒருவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். முதல் தேதி கிளம்பினால் மூன்றாம் தேதி அம்மாவின் பக்கத்தில் இருப்பேன், ஆனால் ஒன்பதாம் தேதிக்குள் இங்கே திரும்ப முடியாது.

என்னால் முடிவெடுக்க முடியவில்லை. உன்னிடம் கேட்டால் "படி" என்பாய். அதனால் அம்மாவிடம் கேட்கிறேன். முழு நிலைமையையும் அவளுக்குச் சொல். பிறகு இதைப் படித்துக் காட்டு:

முதல் பனியில்
வாசல்வரை காலடி;
திரும்பவில்லை

அவள் என்ன சேர்க்கிறாளோ அதன்படி செய்கிறேன். இது விளையாட்டில்லை என்றும் அவளிடம் சொல். பதில் முப்பத்தொன்றாம் தேதிக்குள் வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன்.

அம்மாவின் கைகளுக்கு முத்தம்.

சோலிகா


திமோனா
20 டிசம்பர் 1984

அன்புத் தங்கைக்கு,

சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கு வேண்டுகிறோம்.

எல்லாவற்றையும் அம்மாவுக்குச் சொன்னேன். கவிதையையும் படித்தேன். ஹனுக்கா பண்டிகை விளக்கை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

பதினெட்டாவது: நில்.

அவ்வளவுதான். விண்ணப்பத்தை நேரத்துக்கு அனுப்பு.

அம்ராம்


கியோட்டோ
2 ஜனவரி 1985

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

முப்பத்தொன்றாம் தேதி உன் கடிதம் வந்தது. தபால்பெட்டி அருகிலேயே நின்று பத்து முறை படித்தேன். ஹதனாக்கா அம்மாள் வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"அம்மா என்ன சொல்றாங்க?"

"நில்லுன்னு சொல்லியிருக்காங்க."

"கண்டிப்பானவங்க போல."

"கண்டிப்பே கிடையாதுங்க" என்றேன்.

விமானச்சீட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொன்னபடி நிற்கிறேன் என்று அம்மாவிடம் சொல். தேர்வு முடியும்வரை கவிதை எதுவும் அனுப்பமாட்டேன். மனம் அதில் போய்விடுகிறது.

அன்புடன்,
சோலிகா


அக்கோ
16 ஜனவரி 1985

அம்ராமுக்கு,

துக்கம் கேட்டு வந்தவர்களெல்லாம் போயிருப்பார்கள். நீ வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும். அம்மாவுக்கான பிரார்த்தனையை ஒரு நாளும் விடாதே. உடம்பு எப்படியிருக்கிறது என்று எழுது.

ஏழாம் நாள், துக்கம் முடிந்து தரையிலிருந்து எழுந்த பிறகு, நீ சமையலறையில் என்னிடம் சொன்னதை வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். என் அக்கா ஃப்ரெஹா "வா" என்று சொல்லச் சொன்னாள். நீ "நில்" என்று எழுதினாய்.

நீ கேட்ட நம் யூத மதச் சட்டத்தைத் தேடிப் பார்த்தேன். சாவுச் செய்தியைச் சொல்லியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. பிள்ளைகளில் ஆண்களுக்குச் சொல்வது வழக்கம், அவர்கள் பிரார்த்தனை சொல்ல வேண்டும் என்பதற்காக. பெண்களுக்குச் சொல்லும் வழக்கம்கூட இல்லை என்று எழுதியிருக்கிறது. முப்பது நாளுக்குள் செய்தி போனால் சோலிகா ஏழு நாள் துக்கம் உட்கார வேண்டும். முப்பது தாண்டிப் போனால் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். உடுப்பை மட்டும், தாய்க்காக, எப்போது கேட்டாலும் கிழிக்க வேண்டும். அடக்கம் ஜனவரி ஆறு. பிப்ரவரி நாலோடு முப்பது நாள் முடிகிறது.

சட்டம் உன் பக்கம் இருக்கிறது, அம்ராம். நான் உன் பக்கம் இல்லை.

நான் நாலாம் தேதி வந்தபோது அக்கா கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். "யாரக்கா பாக்கற?" என்றேன். "புள்ள வர்றா. வரச்சொல்லி எழுதியாச்சு" என்றாள். நீ ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாய். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. சாகும்வரை மூன்று நாளும் அவள் அந்தப் பக்கம்தான் முகம் வைத்திருந்தாள்.

தேர்வு முடிந்ததும் சொல்லிவிடு. எல்லாவற்றையும் சொல்.

மாமா
மக்லூஃப்


திமோனா
11 பிப்ரவரி 1985

என் தங்கை சோலிகாவுக்கு,

இது உன் கைக்கு வரும்போது தேர்வு முடிந்திருக்கும். அப்படிக் கணக்குப் பார்த்துத்தான் தபாலில் போடுகிறேன். நீ முதலில் உட்கார்ந்துகொள்.

அம்மா ஜனவரி ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அதிகாலை இறந்துவிட்டாள். வயிற்றில் கட்டி. நவம்பரிலேயே சொல்லிவிட்டார்கள். கடைசி வாரம் வலி தெரியாமல் இருக்க மருந்து கொடுத்தார்கள். மக்லூஃப் மாமா பக்கத்தில் இருந்தார், நானும் இருந்தேன். அன்றைக்கே அடக்கம் செய்தோம். ஸிமியின் வீட்டிலிருந்து ஏழு நாளும் சாப்பாடு வந்தது.

முப்பது நாள் தாண்டிவிட்டதால் நீ ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்தால் போதும் என்று மாமா சொல்கிறார். செருப்பைக் கழற்றிவிடு. உடுப்பில் இடது பக்கம், நெஞ்சுக்கு நேரே, ஒரு சாண் கிழிக்க வேண்டும். பிரார்த்தனையை நான் தினமும் மூன்று வேளையும் சொல்கிறேன். இதுவரை ஒன்றுகூட விடவில்லை.

என் மேல் கோபப்படு. ஆனால் தேர்வு எப்படி எழுதினாய் என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கோபப்படு.

அண்ணன்
அம்ராம்


கியோட்டோ
12 மார்ச் 1985

அண்ணாவுக்கு,

நான் நலம். நீ பிரார்த்தனைக்கு விடியலில் எழுந்து போகிறாய், கழுத்தில் துணி சுற்றிக்கொள்.

தேர்வில் தேறிவிட்டேன். ஒன்பது பேரில் நான் நான்காவது.

உன் கடிதம் பிப்ரவரி இருபத்திரண்டு, வெள்ளிக்கிழமை பகல் வந்தது. நீ சொன்னபடி செய்தேன். வெள்ளை ரவிக்கையின் இடது பக்கத்தைக் கிழித்தேன். தையல் கெட்டியாக இருந்தது, அம்மா தைத்தது. பல்லால் ஆரம்பித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. பிறகு தரையில் உட்கார்ந்தேன். அண்ணா, இந்த நாட்டில் எல்லோரும் தினமும் தரையில்தான் உட்கார்கிறார்கள், செருப்பை வாசலிலேயே விடுகிறார்கள். நான் துக்கம் உட்கார்ந்திருப்பது பார்ப்பவர் யாருக்கும் தெரியாது. ஹதனாக்கா அம்மாள் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "கடிதம் படிச்சு முடிச்சாச்சா? தேநீர் குடிக்கலாம் வா" என்றார். ரவிக்கையில் கிழிசலைப் பார்த்து, "கழட்டிக் குடு, தைச்சுத் தர்றேன்" என்றார். அதைத் தைக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு அவர்கள் மொழியில் சொல் கிடைக்கவில்லை. "மன்னிக்கவும்" என்றேன்.

ஒரு மணி நேரம் ஆனதும் எழுந்துவிட்டேன். சட்டம் அவ்வளவுதான் கொடுத்திருக்கிறது.

ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. பதினோராம் மாதம் அம்மாவின் கல்லறையில் கல் வைப்பீர்கள் அல்லவா? அதில் அந்தக் கடைசிக் கவிதையை வெட்டச் சொல். என் பதினேழும், அம்மாவின் ஒன்றும். அவள் எனக்குச் சொன்ன கடைசிச் சொல் அது. கல்லில் இருக்கட்டும்.

கல்வெட்டுபவரிடம் பேசிவிட்டு எழுது.

சோலிகா


திமோனா
6 மே 1985

சோலிகா,

இரண்டு மாதமாக உனக்கு எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

பஸ்கா பண்டிகை முடிந்ததும் பேர்ஷெபாவில் கல்வெட்டுபவரிடம் போனேன். எழுதி எடுத்துப்போன தாளைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார்.

"பதினெட்டா வருது. நல்லாருக்கு. கடைசில இது யார் சொல்றது, 'நில்'லுன்னு?"

"அம்மா."

"செத்தவங்களா? யாரப் பாத்துச் சொல்றாங்க?"

நான் தாளை வாங்கி மடித்தேன். அவர் உளியைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, கல்லுல ஒருவாட்டி வெட்டினா வெட்டினதுதான். வீட்ல கலந்து பேசிட்டு வா" என்றார்.

வீட்டில் யாரிடம் பேசுவது? அதனால் உனக்கு எழுதுகிறேன்.

அம்மா "நில்" என்று சொல்லவில்லை. அன்று விளக்கின் முன்னால் உன் கவிதையைப் படித்ததும், யோசிக்கவே இல்லை, மேசையை ஒரு தட்டுத் தட்டி "வா" என்றாள். "எழுதிட்டியா?" என்று கேட்டாள். எழுதிவிட்டேன் என்றேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, சோலிகா. அவள் கண்முன்னாலேயே எழுதினேன்.

நீ வந்தால் திரும்பிப் போகமாட்டாய் என்று நினைத்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாய். அவள் போன பிறகு, எனக்குச் சமைக்க ஆளில்லை என்று இருந்துவிடுவாய். யாராவது உனக்கு நூற்பாலையில் ஓர் இடம் பிடித்துக் கொடுப்பார்கள். நான் பதினான்கு வயதில் அங்கே போனவன். உள்ளே போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒருத்தியாவது தப்பிக்கட்டும் என்று நினைத்தேன். இது சாக்கு இல்லை. சாக்குதான், ஆனால் உண்மையும்கூட.

கடைசி மூன்று நாளைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதே.

கல்லில் என்ன வெட்டுவது என்று நீ சொல்.

அம்ராம்


கியோட்டோ
30 ஜூன் 1985

அண்ணாவுக்கு,

எனக்குத் தெரியும்.

டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி, தபால்பெட்டி அருகிலேயே தெரிந்துவிட்டது. வாசல்வரை வந்தவரைப் பார்த்து "நில்" என்று சொல்லும் பெண்ணா அம்மா? கணக்கெடுக்க வந்த அதிகாரியைக்கூட உள்ளே இழுத்து உட்காரவைத்துச் சாப்பிட வைத்தவள். முதல் முறை படித்தபோதே அது உன் சொல் என்று தெரிந்தது. மீதி ஒன்பது முறை படித்தது, அது அம்மாவின் சொல்லாக மாறுமா என்று பார்க்கத்தான்.

மாறவில்லை. ஆனாலும் அதை எடுத்துக்கொண்டேன். எனக்கு அது வேண்டியிருந்தது.

புத்தாண்டுக்கு மூன்று நாள் இங்கே தபால் நிலையம் மூடியிருந்தது. நாலாம் தேதி திறந்ததும் போனேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சன்னல். ஒன்றில் தந்தி, மற்றதில் பதிவுத் தபால். தந்திச் சன்னலில் யாருமே இல்லை. "உண்மையைச் சொல்" என்று உனக்கு ஒரு வரி அனுப்ப ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். நான் பதிவுத் தபால் வரிசையில், எட்டாவது ஆளாக, அரை மணி நேரம் நின்று விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று அம்மா உயிரோடு இருந்தாள். அவளுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

கல்லில் அதை வெட்டச் சொன்னது உன்னைப் பேச வைக்கத்தான். நீ சொல்லாமல் வெட்டிவிட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. நானும் பேசாமல் இருந்திருப்பேன் என்று பயமாக இருக்கிறது. நாம் இரண்டு பேரும் பேசாமல் இருப்பதில் கெட்டிக்காரர்கள்.

அம்மாவின் பெயர், அவள் தாயின் பெயர், தேதி. கல்லில் இவை போதும். கவிதை வேண்டாம். இனி எழுதவும் மாட்டேன். மற்றவர்கள் எழுதியதைப் படித்து விளக்கம் சொல்லத்தான் எனக்கு உதவித்தொகை, அதைச் செய்வேன்.

கல் வைக்கும் நாளுக்கு வருகிறேன். நவம்பரில் பத்து நாள் விடுப்புக் கேட்டிருக்கிறேன். விமான நிலையத்துக்கு மக்லூஃப் மாமா வரட்டும், அவருக்குத் தனியாக எழுதிவிட்டேன். அங்கிருந்து திமோனா வர இரண்டு மணி நேரம் ஆகும். நீ கேட்காதே என்று சொன்ன அந்த மூன்று நாளை அவரிடம் கேட்டுக்கொண்டு வருவேன்.

நீ வராதே. வீட்டிலேயே இரு. அவர் சொல்லி முடித்த பிறகும் என்னால் உன் முகத்தைப் பார்க்க முடிகிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

சோலிகா